காலண்டரை முதலில் உரிமையாளர் திறக்கட்டும்: பாளையங்கோட்டைச் சிற்றலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் ஐந்தாறு பேரை வைத்து அலுவலகம் நடத்தும் ஆடிட்டர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் கட்டடப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

இத்தகைய அலுவலகம் ஒன்றில் முன்மேசையில் அமர்ந்து தொலைபேசியை எடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். "சார் நாளைக்கு ஆபீஸ்ல இருப்பாவளா?" என்பதுதான் எங்களிடம் நாள் முழுவதும் கேட்கப்படும் கேள்வி. அதற்கான விடையில் ஒரு பங்கு உங்கள் கைப்பேசியிலும், ஒரு பங்கு ஜூனியரின் நினைவிலும், மீதி வங்கிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த மேசை டைரியிலும் கிடக்கிறது. மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் வழி எங்களுக்கு இல்லாததால், "வாங்க, இருப்பாங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் செய்யும் ஒருவருக்குக் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பில் கட்டுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பஸ் மாறி, சரியான நேரத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆடிட்டரோ விடியற்காலையிலேயே மதுரைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார். அந்தப் பயணம் ஜூனியருக்குத் தெரியும். போனில் பேசியவருக்குத் தெரியாது. பொய் சொன்னவர், சோம்பேறித்தனமாக இருந்தவர் என்று அங்கே யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. தெரிந்தது ஒருவரிடமும், சொல்ல வேண்டிய பொறுப்பு இன்னொருவரிடமும் இருந்தன, அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் கூகுள் காலண்டரே போதும். ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அதற்குத் தனிச் செலவு இல்லை. அதில் 'அலுவலகம்' என்று புதிதாக ஒரு காலண்டரைத் தொடங்கி, ஒவ்வொருவரின் சொந்தக் கணக்குக்கும் அதைப் பகிர்ந்து, எழுதும் உரிமையையும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வெளியூர்ப் பயணம், கட்சிக்காரருக்குக் கொடுத்த நேரம், பணியாளர் லீவு, வழக்கின் வாய்தா, மாதந்தோறும் 7-ஆம் தேதி வரும் டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி ஆகிய வரி, தொழிலாளர் நிதிக் கெடுக்கள் என எல்லாம் அந்த ஓரிடத்தில் இருக்க வேண்டும். செய்தபின் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பகிர்ந்தவரின் கைப்பேசியில் நினைவூட்டல் மணி அடிப்பதால் பெற்றவருடையதிலும் அடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது; அந்தக் காலண்டருக்கான நினைவூட்டலை அவரவர்தாம் தத்தம் கணக்கில் அமைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளில் எல்லோரையும் உட்கார வைத்து இதை முடித்துவிடுவது நல்லது.

இங்கே பரவலாகக் காணும் வேறொரு பழக்கம் எனக்கு ஒப்பவே இல்லை. அலுவலகத்துக்கென்று ஒரே ஜிமெயில் கணக்கு, அதன் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும், அதையே 'பகிர்வு' என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு வாய்தா தவறுதலாக அழிந்துவிட்டால் அழித்தவர் யார் என்று அதில் தெரியாது. வேலையை விட்டு நின்றவரின் கைப்பேசியிலும் கணக்கு திறந்தே இருக்கும், கடவுச்சொல்லை மாற்றினாலோ மறுநாள் காலை அலுவலகம் முழுவதும் "பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டு நிற்கும். அவரவர் கணக்குக்குத் தனித்தனியே பகிர்ந்திருந்தால், நின்றவரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கைதவறி அழித்ததையும் ஏறத்தாழ 30 நாட்கள் வரை குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுவிடலாம்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். காலண்டர் பகிர்வு என்ற பேச்சு எழுந்தவுடன், பணியாளர்களின் காலண்டரை உரிமையாளர் பார்ப்பது என்றே உங்களில் பலர் பொருள் கொள்கிறீர்கள். எங்கள் நேரம் உங்களுக்குத் தெரிய வேண்டும், உங்கள் நேரம் எங்களுக்குத் தெரியக் கூடாது என்றால், அதற்கு வருகைப் பதிவேடு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அலுவலகத்தில் எல்லோருடைய வேலையையும் இழுத்துச் செல்வது உங்கள் நேரம்தான். ஆகையால் முதலில் ஏற வேண்டியதும் அதுதான். ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போவதும், சம்பந்தி வீட்டுக்குப் போவதும் எங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதற்காகவே, நேரம் ஒழிவா இல்லையா என்பதை மட்டும் காட்டி விவரத்தை மறைக்கும் ஏற்பாடு கூகுள் காலண்டரிலேயே இருக்கிறது. உங்கள் சொந்தக் காலண்டரை எங்களுக்கும், எங்களுடையதை உங்களுக்கும் இந்த அளவோடு பகிர்ந்துகொண்டால் போதும். ஒரு காலண்டரில் திருத்தும் உரிமை பெற்றவருக்கு, அதில் 'தனிப்பட்டது' என்று குறித்த நிகழ்ச்சியும் தெரியும் என்பதால், சொந்தக் காரியங்களை அலுவலகக் காலண்டரில் ஏற்றவே வேண்டாம்.

நம்மூருக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கைப்பேசியோடு வரும் இந்திய விடுமுறைப் பட்டியலை நம்பினால் ஆனித் தேரோட்டம் அதில் இருக்காது. நெல்லையப்பர் கோவில் தேருக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அதற்கு ஈடாகப் பின்னர் ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். ஆனால் அந்த விடுமுறை வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்படுவதில்லை என்பதால் வங்கிகள் திறந்திருக்கும். ஜிஎஸ்டி கெடுவும் தேருக்காக ஒரு நாள் தள்ளிப்போகாது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதற்குப் பிறகு அங்குள்ள கட்சிக்காரருக்கு நம் ஆனித் தேர் விடுமுறை கிடையாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அந்த மாவட்டத்தில் விடும் விடுமுறை நமக்குக் கிடையாது. ஆகவே ஆட்சியரின் அறிவிப்பு வந்த அன்றே, இரண்டு மாவட்டத்து விடுமுறைகளையும் ஈடு செய்யும் சனிக்கிழமைகளையும் மாவட்டப் பெயரோடு ஏற்றுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். சென்னையிலோ கலிபோர்னியாவிலோ இருக்கும் யாரும் இதை நமக்காகச் செய்யப் போவதில்லை.

கட்சிக்காரரின் இரகசியம் குறித்தும் சொல்ல வேண்டும். காலண்டரைப் பொதுவில் திறந்துவிடும் வசதியைத் தொடவே தொடாதீர்கள். தொட்டால் உலகமே பார்க்கும். கட்சிக்காரரின் விவரங்களை வெளியிடுவது ஆடிட்டர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி ஒழுங்கீனம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பான் எண்ணையும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லையும் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுவதும் கூடாது.

குமாஸ்தா அண்ணாச்சிகள் சிலர் டைரியை விட மாட்டார்கள். விட வேண்டியதும் இல்லை. ராகு காலம் பார்க்கிற தினசரிக் காலண்டரும் சுவரிலேயே இருக்கட்டும். ஆனால் டைரியும் அலுவலகக் காலண்டரும் முரண்பட்டால் எது செல்லும் என்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் இரவு பத்து மணிக்கு வாய்தாத் தேதியைப் போட்டுவிட்டு, "அதான் போட்டிருந்தேனே" என்று காலையில் கேட்பதையும் அன்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரும் மாதத்துக்கான உங்கள் வெளியூர்ப் பயணங்களை இந்த வாரமே அலுவலகக் காலண்டரில் ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். போனில் யார் நேரம் கொடுத்தாலும், ரிசீவரை வைப்பதற்கு முன் அதில் எழுதிவிட வேண்டும் என்ற விதியை உங்களுக்கும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
முன்மேசைப் பணியாளன்,
பாளையங்கோட்டை.