கிரைண்டரை மூட்டை கட்டுமுன் எந்த ஊர் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் வேலை, படிப்பு பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் விசா, மொழித்தேர்வு, சம்பளம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. குடும்பத்தோடு வருகிறவர்கள் முதல் மாதத்தில் திணறுவதோ சமையலறையில். ஊரிலிருந்து சுமந்து வந்த மிக்சி ஓடாமல் போவதற்கும், தோசைக்கல் காயுமுன் அடுப்பு தானாக அணைவதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு. புறப்படுமுன்பே அவை தெரிந்தால் பணம் வீணாகாது.

முதலில் மின்சாரம். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று). ஜப்பானில் வீட்டுப் பிளக்கில் வருவது 100 வோல்ட். ஹெர்ட்ஸோ ஊருக்கு ஊர் மாறும். டோக்கியோ, யோகோஹாமா, செண்டாய், சப்போரோ உள்ள கிழக்கில் 50. நகோயா, ஒசாகா, ஹிரோஷிமா, ஃபுகுவோகா உள்ள மேற்கில் 60. ஷிஸுவோகா மாநிலத்தில் ஓடும் ஃபுஜி ஆறுதான் ஏறத்தாழ எல்லை. 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் வந்த பிளவு இது, இன்றுவரை ஒன்றாகவில்லை.

நம் 750 வாட் மிக்சியை 100 வோல்ட்டில் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு திறன்கூடக் கிடைக்காது. தேங்காய் போட்டதும் பிளேடு நின்று மோட்டார் உறுமும். அப்படியே விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும். கடைகளில் ஜப்பான் அடாப்டர் என்று விற்பது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். தேவைப்படுவது, 100 வோல்ட்டை 220 முதல் 240 வரை உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பு அதிகம் என்பதால் 750 வாட் மிக்சிக்கு 1500 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைவிடப் பெரியது வாங்கிப் பயனில்லை. சுவர் பிளக்கின் வரம்பே 15 ஆம்பியர், அதாவது 1500 வாட். டிரான்ஸ்ஃபார்மரை நேராகச் சுவரில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம். சிறிய வீடுகளில் மொத்த இணைப்பே 20 அல்லது 30 ஆம்பியர்தான் இருக்கும். மைக்ரோவேவும் ஏசியும் ஓடும்போது மிக்சியைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

நம் மூன்று பின் பிளக்கின் எர்த்தை விட்டுவிடாதீர்கள். ஜப்பானியப் பிளக் பெரும்பாலும் இரண்டு தட்டைப் பின்தான். ஆனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வைக்கும் இடத்துப் பிளக்கின் கீழே ஒரு சிறு மூடி இருக்கும். அதற்குள் இருக்கும் திருகுதான் எர்த்.

கிரைண்டரின் சிக்கல் வேறு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார்; அது எந்த ஹெர்ட்ஸிலும் ஓடும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் வாங்கிய கிரைண்டர் டோக்கியோவில் டிரான்ஸ்ஃபார்மரோடு ஊரில் ஓடியபடியே ஓடும். ஒசாகாவில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி, மாவு தெறிக்கும், சூடும் ஏறும். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட் கிரைண்டர் இதற்கு நேர்மாறு: ஒசாகாவுக்குப் பொருந்தும்; டோக்கியோவில் வேகம் குறையும், மோட்டார் சூடாகும், இடைவெளி விட்டுத்தான் அரைக்க வேண்டும். மிக்சியைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றே. 110 வோல்ட் மாடலை ஊரிலேயே கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே ஐந்தில் நான்கு பங்கு திறனோடு ஓடும். சட்னிக்கும் மசாலாவுக்கும் அது தாராளம்.

அடுத்தது அடுப்பு. வாடகை வீடுகள் பலவற்றில் அடுப்பு இருக்காது, நாம்தான் வாங்க வேண்டும். வீட்டுக்கு வருவது குழாயில் வரும் நகர எரிவாயுவா, வெளியே சிலிண்டர் வைத்த புரொபேனா என்று வீட்டுத் தரகரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதலாவதற்கான அடுப்பில் 12ஏ, 13ஏ என்றும், இரண்டாவதற்கானதில் எல்பி என்றும் ஒட்டியிருக்கும். ஒன்றுக்கானதை மற்றதில் இணைப்பது ஆபத்து: தீ சீறிப் பாயும், அல்லது சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வெளியேறும். கேஸ் திறக்க ஊழியர் வீட்டுக்குள் வந்து சோதிப்பார். அப்போது வீட்டில் ஒருவர் இருந்தாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஊரே வீடு மாறும் என்பதால் முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

தோசைக்கல் விஷயம் இதுதான். 2008 அக்டோபர் முதல், ஒற்றை பர்னர் அடுப்பு தவிர, வீட்டு கேஸ் அடுப்பின் ஒவ்வொரு பர்னரிலும் வெப்ப சென்சார் கட்டாயம். பர்னர் நடுவில் மேலெழுந்து நிற்கும் சிறு குமிழ் அது. பாத்திரத்தின் அடி ஏறத்தாழ 250 டிகிரியைத் தொட்டால் தீயைத் தணிக்கும், பிறகு அணைத்துவிடும். எண்ணெய் தீப்பிடிக்காமலிருக்க வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் இரும்புக்கல் சீக்கிரம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அடுப்பின் முகப்பில் 'அபுரி' அல்லது 'கோவோன்' என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் வரம்பு உயரும். அப்பளம், சுக்கா ரொட்டி சுடவும் அதுவே. எண்ணெயில் பொரிக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். வீட்டில் கேஸ் இல்லாமல் ஐஎச் அடுப்பு (நம் ஊர் இண்டக்‌ஷன் அடுப்பு) இருந்தால் அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் பெரும்பாலும் வேலைக்கு ஆகா. காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரங்களையே கொண்டுவாருங்கள்.

நிலநடுக்கம் ஷிண்டோ (ஓர் இடத்தில் உணரும் அதிர்வுக்கான ஜப்பானிய அளவுகோல்) 5 அளவில் வந்தால் கேஸ் மீட்டர் தானாகவே மூடிக்கொள்ளும். பதறி எவரையும் அழைக்குமுன், கேஸ் வாசம் இல்லை என்று உறுதிசெய்து, எல்லா அடுப்பையும் அணைத்து, மீட்டரின் மீட்புப் பொத்தானை நன்றாக அழுத்திவிட்டு 3 நிமிடம் காத்திருங்கள். சிவப்பு விளக்கு மினுக்குவது நின்றால் பற்றவைக்கலாம். வாசம் இருந்தால் பொத்தானையும் தொடக் கூடாது, காற்றாடி சுவிட்சையும் தொடக் கூடாது; ஜன்னலைத் திறந்து மெயின் வால்வை மூடிவிட்டு கேஸ் நிறுவனத்தை அழைக்க வேண்டும்.

குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது. ஜப்பானிய ஓவன்கள் பலவற்றில் ரொட்டி மாவுக்கென்று 'ஹக்கோ' என்ற நொதித்தல் அமைப்பு உண்டு. 30 அல்லது 35 டிகிரியில் வைத்துவிட்டால் போதும்.

பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றக் கூடாது. காலிப் பால் அட்டைப் பெட்டியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஆறிய எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் தண்ணீரும் விட்டு ஒட்டி, எரியும் குப்பை நாளில் வையுங்கள். அந்தத் தண்ணீர் முக்கியம். எண்ணெய் ஊறிய தாள் வெயிலில் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். அடுப்பைச் சுற்றி 100 யென் கடையில் கிடைக்கும் அலுமினியத் தடுப்பை நிறுத்துங்கள். சுவரில் படியும் தாளிப்புக் கறைக்கு, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் வரும்.

கடைசியாகப் பெட்டி. பச்சைக் காய், பழம், இலை எதையும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் கொண்டுவர முடியாது; பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாங்காய்க்கும் பொதுவாகத் தடைதான். மறைத்துக் கொண்டுவந்தால் தண்டனை உண்டு. இறைச்சி வற்றலும் கூடாது. ஐயமுள்ள பொருள் எதுவானாலும், சுங்கத்துக்கு முன்னால் இருக்கும் தாவர, விலங்குப் பொருள் சோதனை (குவாரன்டைன்) கவுன்ட்டரில் நீங்களே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கவாசாகி, ஜப்பான்