கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிஎச்.டி. முடித்தும் வேலை கிடைக்காதவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பிஎச்.டி.க்குப் பிறகு சில ஆண்டுகள் வேறொரு லேபில் ஆய்வு செய்கிற போஸ்ட்டாக் இடங்களுக்கு விளம்பரமே வருவதில்லை என்று அதில் ஒரு மாணவர் வருத்தப்பட்டிருந்தார். பாதி உண்மை. விளம்பரம் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் இடம் போய்விடும்.

மின்வேதியியலில் தீசிஸ் (பிஎச்.டி. ஆய்வேடு) கொடுத்த கையோடு நானும் எண்பது, தொண்ணூறு பேராசிரியர்களுக்கு மெயில் தட்டினேன். எல்லாருக்கும் ஒரே மெயில், பெயரை மட்டும் மாற்றி. ஒரு பெண் பேராசிரியருக்கு 'சார்' என்றே போய்விட்டது. இரண்டு மாதத்தில் மூன்று பதில் வந்தது. மூன்றும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று கணினி தானாக அனுப்பியவை.

லேபில் சீனியர் அண்ணன் ஒருவர்தான் வழி சொன்னார். "பேப்பர் கடைசியில நன்றி சொல்லியிருப்பாங்கல்ல, அதைப் படிடா." எந்த நிதியில், எந்த புராஜெக்ட் எண்ணில் வேலை நடந்தது என்பது ஆய்வுக் கட்டுரையின் அந்த நன்றியுரையில்தான் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் புராஜெக்ட் எப்போது தொடங்கியது, இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். புதிதாகப் பணம் வந்த இடத்தில்தான் ஆள் எடுப்பார்கள்.

அப்புறம் நான் எழுதியது ஐந்தே மெயில். கொரியப் பேராசிரியர் ஒருவரின் சோடியம் அயன் பேட்டரிக் கட்டுரையில், ஐம்பது முறை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகு பேட்டரியின் கொள்ளளவு சரிகிற வரைபடம் ஒன்று இருந்தது. அதைக் குறிப்பிட்டு, எலக்ட்ரோலைட்டில் (பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுபொருளில்) என்ன மாற்றிப் பார்க்கலாம் என்று நாலு வரி எழுதினேன். நான்காம் நாள் பதில் வந்தது.

போஸ்ட்டாக் செய்ய உதவித்தொகை தரும் ஃபெலோஷிப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு பிஎச்.டி. முடித்து 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரிக்கு 8 ஆண்டு வரை போகலாம். கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். நம் நாட்டு தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் மூன்றுக்குமே, 'இவரை என் லேபில் சேர்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு பேராசிரியர் முதலில் சொல்லியாக வேண்டும். ஆக, மறுபடியும் அந்த மெயில்தான்.

சரி, பதில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடிவதில்லை. என் தீசிஸ் வெளித் தேர்வாளரிடம் போய் ஏழு மாதம் கிடந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து, புரொவிஷனல் என்கிற தற்காலிகச் சான்றிதழ் வாங்கி, அது வெளிநாட்டில் செல்லுபடியாக அப்போஸ்டில் முத்திரை குத்தி, அதற்குப் பிறகுதான் விசா. கொரியப் பேராசிரியர் நல்ல மனிதர், காத்திருந்தார். இந்தத் தாமதத்தைப் பற்றி அடுத்த இதழில் விசாரித்து எழுதுங்களேன். என் ஜூனியர் பெண் ஒருத்திக்கு ஜப்பானில் இடம் உறுதியாகியிருந்தது. அதில் வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்று தகவல் வந்த வாரம்தான், பல்கலைக்கழகத்தில் அவளுடைய வைவாவுக்குத் தேதி குறித்தார்கள்.

இப்படிக்கு,
வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர்,
காரைக்குடி.