பாட்டோட கட்டைய (ஸ்ருதி உயரத்த) இறக்கிக் குடுத்த அண்ணனுக்கும் மத்த எல்லாருக்கும்

நேத்து ராத்திரி மேடையில இருந்து இறங்குனதுல இருந்து இன்னும் ஒழுங்கா தூங்கல. ஆனா இப்பவே எழுதிடணும், ரெண்டு நாள் கழிச்சு எழுதுனா இதே விஷயத்த ஜோடிச்சு எழுதிடுவேன், எனக்கு அது வேணாம். என்ன ஆச்சு, எத்தன ஷோ நின்னுச்சு, யார் யார் என்ன பேசுனாங்க எல்லாம் உங்களுக்கே தெரியும், கூடவே இருந்து பாத்தவங்கதான நீங்க. அதுக்குள்ள திரும்பப் போகல. பாடகியான எனக்குக் குரல் போச்சு, வந்துருச்சு. வந்தது பழைய குரல் இல்ல, அதப்பத்தித்தான் இந்த மடலே.

மொதல்ல எல்லாருக்கும் சேத்து ஒரு நன்றி. தொண்டைக்குள்ள கேமரா விட்டு என் குரல் நாண் ரெண்டையும் ஸ்லோ மோஷன்ல ஸ்க்ரீன்ல காட்டி, "இந்த எடத்துலதான் சேர மாட்டேங்குது பாருங்க"ன்னு பொறுமையா புரிய வச்ச டாக்டருக்கு. பேசாம இருன்னா கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அதுவும் தொண்டைய இறுக்கும்னு சொல்லி, கிளாஸ் தண்ணிக்குள்ள ஸ்ட்ராவ விட்டு ஊதிக்கிட்டே ஹம் பண்ண வச்ச வாய்ஸ் தெரபிஸ்ட்டுக்கு. நான் நோட்டுல கிறுக்குன எல்லாத்தையும் சலிக்காம படிச்சு பதில் சொன்ன அம்மாவுக்கு, வேற எடத்துல இருந்து கூப்பிட்டும் போகாம காத்திருந்த டிரம்ஸ் தம்பிக்கு, அட்வான்ஸ திருப்பிக் கேக்காம "தேதி மட்டும் நீங்க சொல்லுங்க"ன்னு சொன்ன ஆர்கனைசர்ஸ்க்கு, என் எடத்துல ரெண்டு ஷோ பாடிக் குடுத்துட்டு "அக்கா இது உங்க பாட்டு, நீங்க வர்ற வரைக்கும் நான் பத்திரமா வச்சிருக்கேன், அவ்ளோதான்"னு மெசேஜ் பண்ண தங்கச்சிக்கு. அப்புறம் நான் பதில் பேச முடியாதுன்னு தெரிஞ்சும் தினம் வாய்ஸ் நோட் அனுப்பிக்கிட்டே இருந்த உங்களுக்கு. எல்லாத்தையும் கேட்டேன், சிலத ரெண்டு மூணு தடவ கேட்டேன்.

இப்ப ஒருத்தரப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா எழுதணும். நம்ம கீபோர்டு அண்ணன். பேரு போட்டா அவருக்குப் புடிக்காது, மேடையிலயே லைட் தன் மேல விழாத எடமா பாத்து நிக்கிறவர், அதனால அண்ணன்னே சொல்றேன்.

பாட ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே நான் ஒண்ணு அடிச்சு சொல்லிட்டேன், பாடுனா பழைய கட்டையிலதான் பாடுவேன், இல்லன்னா எனக்கு மேடையே வேணாம்னு. எங்க வேலையில இருக்குறவங்களுக்கு இது புரியும். "அவங்க இப்பல்லாம் கட்டைய இறக்கித்தான் பாடுறாங்களாமே"ன்னு ஒரு பேச்சு கெளம்பிருச்சுன்னா அந்தப் பாடகி முடிஞ்சிட்டாங்கன்னு அர்த்தம், அப்படித்தான் நானும் இத்தன வருஷமா நெனச்சிருந்தேன், வேற பாடகிகளப் பத்தி அப்படிப் பேசியும் இருக்கேன், அதுக்கு இப்ப வெக்கப்படுறேன். ஒருத்தர் வந்து, பழைய ரெக்கார்டிங்க ஓட விட்டு வாயசைச்சா போதும் யாருக்குத் தெரியப் போகுதுன்னாரு. அதுக்கு நான் எழுந்து போயிட்டேன். கட்டைய இறக்குறது, வாயசைக்கிறது, ரெண்டுமே அப்ப எனக்கு ஒரே மாதிரி தோல்வியாத்தான் தெரிஞ்சுச்சு.

மொத ரிகர்சல் அன்னிக்கு ரூமுக்குள்ள போறேன், எல்லாம் எப்பவும் போலத்தான் இருந்துச்சு. அண்ணன் ஒரு மூலையில, பக்கத்துல லேப்டாப். ஒரே ஒரு வித்தியாசம், கீபோர்டு டிஸ்ப்ளேல ஒரு ஓரத்துல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்துச்சு. டிஸ்ப்ளே கீறல் விட்டிருச்சு போலன்னு நெனச்சேன், கேக்கல, கேக்குற நெலமையிலயும் இல்ல. "நீ பாடும்மா, நான் பாத்துக்குறேன்"னாரு. அவ்ளோதான் பேச்சு.

மொத பாட்டு, உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அந்தப் பாட்டுதான், ஒரிஜினல் அஞ்சரை கட்டை. அதுல கோரஸ்ல ஒரு மேல் காந்தாரம், அதாவது உச்சத்துல பாடுற 'க' ஸ்வரம் வரும், முழு வேகத்துல தொறந்து பாடணும், என் குரல் மொதமொதல்ல உடைஞ்சதே அந்த எடத்துலதான். நாலு வரி முன்னாடியே தோள் ரெண்டும் தன்னால மேல ஏறிருச்சு, கண்ண மூடிக்கிட்டேன், விட்டேன், வந்துருச்சு. உடையாம, காத்து கலக்காம வந்துருச்சு. டிரம்ஸ் தம்பி ஸ்டிக்க வச்சுட்டு கைத்தட்டுனான். நான் சுவத்தப் பாத்து திரும்பி நின்னு அழுதேன். அப்புறம் வரிசையா நாலு பாட்டு பாடுனேன்.

ரிகர்சல் முடிஞ்சு தண்ணி பாட்டில் எடுக்க கீபோர்டு பக்கம் போனப்பதான் பாத்தேன், டேப்போட ஒரு முனை வியர்வையிலயோ என்னவோ லேசா தூக்கியிருந்துச்சு. ஒட்டி விடலாம்னு விரல வச்சேன், கையோட வந்துருச்சு. கீழ டிரான்ஸ்போஸ் (வாசிக்கிற விரல மாத்தாமலே ஸ்ருதிய ஏத்தி இறக்குற செட்டிங்), மைனஸ் 3.

அஞ்சரை கட்டைப் பாட்ட நாலு கட்டைக்கு இறக்கியிருக்காரு. மூணு ஸ்வரஸ்தானம், அதாவது மூணு செமிடோன். எனக்கு கேட்ட உடனே இது என்ன கட்டைன்னு சொல்ற காது கெடையாது, என் பாட்டோட ஸ்ருதிய தொண்டையோட ஞாபகத்துலதான் புடிப்பேன், இத்தன மாசம் பாடாம இருந்ததுல அந்த ஞாபகம் கலைஞ்சு போச்சு. அது அவருக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி எனக்கே தெரியாது.

டிரான்ஸ்போஸ் பட்டன அமுக்குறது ஒரு செகண்டு வேல, அதுல என்ன இருக்குன்னு நெனப்பீங்க. பேக்கிங் டிராக், அதாவது பாடுறப்ப கூட ஓட விடுற பதிவு பண்ண இசை, அப்படி இல்ல. முழுப் பாட்டையும் அப்படியே சாஃப்ட்வேர்ல போட்டு மூணு செமிடோன் இறக்குனா டிரம்ஸோட கிக்கும் ஸ்னேரும் சேந்து எறங்கி மந்தமாயிடும், சிம்பல் எல்லாம் கொழகொழன்னு ஆயிடும். அதனால அண்ணன் பழைய ப்ராஜெக்ட் ஃபைல் ஒவ்வொண்ணா தேடி எடுத்திருக்காரு, அதுல பாதி ப்ளகின் (கூட சேந்து ஓடுற துணை சாஃப்ட்வேர்) இப்ப தொறக்காது. டிரம்ஸ் தனியா அப்படியே விட்டுட்டு, மிடி டிராக்க (சத்தமா இல்லாம நோட்டு மட்டும் பதிவானத) எல்லாம் எறக்கி, ஆடியோவா இருந்ததையெல்லாம் புதுசா வாசிச்சு சேத்திருக்காரு, 11 பாட்டுக்கு. பேஸ் வாசிக்கிற தம்பிக்கு ரெண்டு பாட்டுல நோட்டு நாலு கம்பி பேஸோட கடைசி கம்பிக்கும் கீழ போயிருச்சாம், அவன் யார்கிட்டயோ அஞ்சு கம்பி பேஸ் வாங்கிட்டு வந்து நாலு நாள் கை பழக்கியிருக்கான். கிடார்ல கேப்போ (கம்பிகள அமுக்கிப் புடிக்கிற கிளிப்) மாத்தி கார்டு ஷேப் எல்லாம் மாத்தியிருக்காங்க. அந்த ரூம்ல அன்னிக்கு தெரியாத ஒரே ஆள் நான்தான். யாரும் ஒரு வார்த்த விடல.

பொய் சொல்லக்கூடாது, மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. "ஏண்ணா சொல்லல?"ன்னு டேப்ப கையில வச்சுக்கிட்டு கேட்டேன். அவர் ஒயர சுருட்டிக்கிட்டே சொன்னாரு, "சொல்லியிருந்தா நீ நம்பர பாடியிருப்ப, பாட்ட பாடியிருக்க மாட்ட. ஒரிஜினலும் இதே ஃபோல்டர்லதான் இருக்கும்மா, நாளைக்கே வேணும்னாலும் மாத்திக்கலாம், நீ சொல்றதுதான்." சொல்லிட்டு கீபோர்ட கவர்ல போட்டு ஜிப்ப இழுத்தாரு. ஒரு மாசம் ராத்திரி தூக்கத்த விட்டு செஞ்ச வேலைய, வேணாம்னா தூக்கிப் போட்டுறலாம்னு அவ்ளோ சாதாரணமா சொல்ல முடியுற ஒரு மனுஷன நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

அன்னிக்கு வீட்டுக்குப் போயி ஒரு கணக்குப் போட்டேன். அஞ்சரை கட்டையில அந்த மேல் காந்தாரம் 523 ஹெர்ட்ஸ். அதாவது அந்த ஒரு நோட்ட ஒரு செகண்டு புடிச்சா குரல் நாண் ரெண்டும் 523 தடவ மோதணும். நாலு கட்டையில அதே காந்தாரம் 440. ஒவ்வொரு செகண்டுக்கும் 83 மோதல் கொறையுது. பெண்களுக்கு அந்த நாண் சுமாரா ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம்தான் இருக்கும், வேர்க்கடல அளவு கூட இல்லாத ஒரு சதைய நான் இத்தன வருஷமா என்ன பாடு படுத்தியிருக்கேன்னு அப்பதான் ஒறைச்சுது.

மொத ஆல்பத்துல எனக்கு இருந்தது ஒரே ஒரு வித்தைதான், ஏத்திப் பாடுறது. ஏத்துனா எனர்ஜி, கூட்டம் எழுந்து நிக்கும், அதனால ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னும் அரைக் கட்டை ஏத்தலாமான்னு கேப்பாங்க, நானும் ஏத்தலாம்பேன். ரெண்டாவது ஆல்பத்துல முழுக்க எலக்ட்ரானிக், குரல் மேல ஆட்டோ-டியூன். 1997-ல வந்த அந்த சாஃப்ட்வேர 1998-லயே பாடகி ஷேர் ஒரு வாத்தியம் மாதிரி வெளிப்படையா பயன்படுத்திக் காட்டுனாங்க, நான் அத தப்ப மறைக்க பயன்படுத்துனேன். அது ஸ்ருதிய நேராக்கும், தொண்டையில இருக்குற இறுக்கத்த எடுக்காது. மூணாவதுல திரும்பவும் ஏத்திப் பாடுறதுக்கே வந்தேன், மத்தது உங்களுக்குத் தெரியும்.

படுத்திருந்த மாசங்கள்ல மத்தவங்க கதையத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். பாடகி அடெல் 2011 நவம்பர்ல குரல் நாண்ல ஆபரேஷன் பண்ணிட்டு 2012 பிப்ரவரில கிராமி மேடையில பாடி ஆறு விருது வாங்குனது, அதப் படிச்சுதான் தைரியம் வந்துச்சு. 1997-ல ஆபரேஷனுக்கு அப்புறம் பாடகி ஜூலி ஆண்ட்ரூஸ்க்கு அந்தப் பாட்டுக் குரல் திரும்ப வரவே இல்லங்கிறதையும் படிச்சேன், அன்னிக்கு ராத்திரி முழுக்க பயம். ஆனா என்ன மாத்துனது பாடகி ஜோனி மிட்செல். 1969-ல வந்த ஆல்பத்துல இருக்குற ஒரு பாட்ட அவங்களே 2000-ல பெரிய ஆர்கெஸ்ட்ராவோட திரும்பப் பாடியிருக்காங்க. மொத தடவ இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, கண்ணாடி மாதிரி உச்சத்துல பாடுவாங்க. ரெண்டாவது தடவ குரல் கனத்து, கரகரன்னு, எவ்ளோ கீழ. அதே வரிங்கதான். சின்ன வயசுல பாடுனது யோசிச்சுப் பாடுன மாதிரி இருக்கும், இது பட்டுப் பாடுன மாதிரி இருக்கு. 2015-ல மூளையில ரத்தக்குழாய் பாதிச்சு நடக்கவே திரும்பக் கத்துக்க வேண்டி வந்த மனுஷி, 2022-ல 78 வயசுல நியூபோர்ட் ஃபோக் ஃபெஸ்டிவல் மேடையில உக்காந்து அதே பாட்டப் பாடுனாங்க. இதையெல்லாம் கேட்டு அழுதுட்டு, என் பாட்டுன்னு வந்தப்ப மட்டும் கட்டைய இறக்க மாட்டேன்னு நின்னிருக்கேன்.

நேத்து மைக்ல நானே சொல்லிட்டேன், இந்தப் பாட்ட நாலு கட்டையில பாடப் போறேன்னு. ஒரு நொடி அமைதி. அப்புறம் நீங்க போட்ட சத்தம் இப்பவும் காதுல இருக்கு. முடிஞ்சு வெளிய வர்றப்ப ஒரு பொண்ணு கையப் புடிச்சு, "அக்கா, ரெண்டாவது சரணத்துல 'விழி'ன்னு வருதுன்னு இன்னிக்குதான் தெரிஞ்சுச்சு, இத்தன நாள் 'வலி'ன்னு பாடிட்டு இருந்தேன்"னு சொன்னா. உச்சத்துல உயிரெழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துரும், என் ழகரமும் அதோட தொலைஞ்சு போயிருந்துச்சு. கீழ எறங்குனதுல என் ழ எனக்குத் திரும்பக் கெடைச்சிருக்கு. இது யாரும் எதிர்பாக்கல, அண்ணன் கூட எதிர்பாத்திருக்க மாட்டாரு.

இனிமே என் எந்தப் பாட்டையும் எந்தக் கட்டையில பாடுறேன்னு மறைக்க மாட்டேன். என்கூட கோரஸ் பாட வர்ற எந்தப் பொண்ணுக்காவது தொண்ட கரகரன்னா அன்னிக்கு அவ பாட வேணாம், சம்பளம் அவளுக்கு வந்துரும். இத எழுத்துல போட்டு வச்சுக்கிறேன், நான் மறந்தா நீங்க கேளுங்க.

அந்த டேப் துண்டு என் பாட்டு நோட்டோட மொத பக்கத்துல ஒட்டியிருக்கு. அண்ணா, அடுத்த ரிகர்சலுக்கு டேப் வேணாம். அஞ்சாவது பாட்டு இன்னும் ஒரு அரைக் கட்டை எறக்குனா நல்லா இருக்கும்னு தோணுது, நேத்து பாடுறப்பவே தோணுச்சு. சாயங்காலம் போன் பண்றேன்.