மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இல்லை

மதிப்பிற்குரிய குடியிருப்பு நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மின்கசிவை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் ஒயரை எங்கள் வீட்டுக்கு இழுத்துத் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன், விவரம் உங்களுக்குத் தெரியும். போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அம்மா குளித்துவிட்டு வந்து, ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டார். சுரீரென்று இழுத்ததில் கையை உதறிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். டெஸ்டரை மெஷினின் தகரத்தில் வைத்துப் பார்த்தேன், எரிந்தது. மெக்கானிக் வந்து சோதித்து, மெஷினில் கோளாறு இல்லை என்றார். பிளக் பாயின்டைக் கழற்றினோம். மின்சாரம் வரும் பேஸ் ஒயர் இருந்தது, அது திரும்பிப் போகும் நியூட்ரல் இருந்தது. மூன்றாவது துளைக்குப் பின்னால், எர்த்துக்கான பித்தளைத் திருகில் தூசுதான் இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதில் ஒரு ஒயர்கூட மாட்டப்படவில்லை.

மெஷினுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் பில்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் எப்போதும் தகரத்துக்குக் கசியுமாம். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் தொடுகிற கைக்கு வரும். அம்மாவுக்கு வந்தது இந்தச் சின்னக் கசிவுதான். நாளைக்கே உள்ளே ஒரு பேஸ் ஒயர் தோல் உரிந்து தகரத்தில் பட்டால், 230 வோல்ட்டும் அங்கே வந்து நிற்கும்.

இதைச் சொன்னபோது உங்களில் ஒருவர், "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடச் சொல்லுங்க" என்றார். அன்று முதல் அம்மா ஒரு மரப்பலகையில் ஏறி நின்று, உலர்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மெஷினைத் திறக்கிறார். முட்டிவலிக்காரர். துணி போடும்போதெல்லாம் பலகையில் ஏற வேண்டும், இறங்க வேண்டும். சொந்த வீட்டில் ஒரு பொருளைத் தொட இப்படிப் பயப்பட வேண்டுமா? தயவுசெய்து எர்த் ஒயர் இழுத்துக் கொடுங்கள்.

"எம்சிபி இருக்கிறதே" என்றும் சொன்னீர்கள். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் அது, ஒயர் எரியாமல் காப்பதற்கு. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் போனால்தான் விழும். மனித இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோக 100 மில்லி ஆம்பியர் போதும், அதாவது ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு. ஆள் விழுந்தாலும் எம்சிபி விழாது.

எர்த் ஒயரை இழுத்துவிட்டால் மட்டும் போதாது, அந்த ஒயர் மண்ணில் சேரும் எர்த் குழியின் தடையையும் அளந்து பார்க்க வேண்டும். குழி காய்ந்துபோய், மொத்தத் தடை 23 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர்தான் பாயும், அதற்கும் எம்சிபி விழாது. அதனால்தான் கசிவைக் கண்டு விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சும் சேர்த்துக் கேட்கிறேன். எர்த் இருந்தால் கசிவு அந்த அளவை எட்டியவுடனே அது விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்டு, மின்சாரம் அவர் உடம்பு வழியாகப் போன பிறகுதான் விழும்.

தயவுசெய்து பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் முடிந்துவிட்டுப் போகும் ஆளை அனுப்பாதீர்கள். டெஸ்டர் எரியாது, சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் ஒருநாள் நியூட்ரல் விட்டுப்போனால் மெஷின் முழுக்க பேஸ் ஏறி நிற்கும்.

மாடிப்படிக்கு அலங்கார விளக்கு போட்டீர்கள், வாசல் கேட்டுக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தீர்கள். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கெல்லாம் பணம் இருக்கிறது, சுவருக்குள் போகும் ஒரு பச்சை ஒயருக்கு மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டம் என்கிறீர்கள். குழந்தைகள் இருக்கும் வீடுகளும் இதே கட்டடத்தில்தான் இருக்கின்றன. அந்த வீடுகளின் பிளக் பாயின்டுகளை இதுவரை யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா வீடுகளுக்கும் எர்த் ஒயர் இழுத்து, குழியை அளந்து, அளவை எழுத்தில் தாருங்கள். எங்கள் வீட்டுக்கு ஆள் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் லீவு போட்டுவிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவன்