நோட்டில் கையெழுத்து வாங்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

மதிப்புக்குரிய உதவிக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழ் வழி அரசுப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மதிய உணவு சமைக்கும் அக்காவுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் பள்ளியில் அடுப்பு எரியவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முருங்கைக்காயும் பூசணியும் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் உடனே செய்தி வருகிறது, நாங்களும் சந்தோஷமாகக் கொடுக்கிறோம். அன்றைக்கு ஒரு வரி போட்டிருந்தால் சோறு கட்டி அனுப்பியிருப்போமே!

காலை ஏழு மணிக்கே நான் தோப்பு வேலைக்குப் போய்விடுவேன். மகள் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். முதல் நாள் மதியம் தண்ணீரைக் குடித்துவிட்டு பெஞ்சில் தலைசாய்த்துப் படுத்திருக்கிறாள். மறுநாள் பிஸ்கட் கொடுத்திருக்கிறீர்கள். சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தட்டோடு வந்து நின்றாள்.

சரி, உடம்பு என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும். அந்த அக்காமேல் எங்களுக்குக் கோபமே இல்லை. 170 பிள்ளைகளுக்கு அவர் ஒருவரே அரிசி களைந்து, காய் நறுக்கி, அண்டாவை இறக்கி வைக்கிறார். மத்திய அரசின் கணக்குப்படி இத்தனை பிள்ளைகளுக்கு மூன்று பேர் வேண்டும். நம் மாநிலத்திலோ 500 பிள்ளைகள் வரை ஒருவர்தான். அந்த இரண்டு நாளும் சமைத்துத் தர எங்கள் தெருவிலேயே குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் இருந்தார்கள். சமைக்கிறவர்களுக்கு வேண்டிய உடல்நலச் சான்றான ஹெல்த் கார்டு எடுத்து வைக்கச் சொன்னால் இப்போதே எடுத்து வைக்கவும் தயார்.

அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு நோட்டு வந்தது, கையெழுத்துக்கு. மதிய உணவுக் குழுவில் தாய்மார் சார்பில் நானும் ஒரு உறுப்பினர். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. எட்டாவது படிக்கும் மகன்தான் வாசித்துச் சொன்னான்: குழு கூடியது, உணவைப் பார்வையிட்டது, குறை எதுவும் இல்லை. தேதி? அடுப்பு எரியாத அந்த இரண்டாம் நாள். நான் கையெழுத்துப் போடவில்லை. "எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும் எதுக்கு?" என்று கேட்டார்கள். அந்த எல்லாரும் என் போன்ற தாய்மார்தான் அய்யா. பள்ளிக்கூடம் பொய் எழுதாது என்று நம்பிப் போட்டிருக்கிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழுவை உண்மையாகக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலோ வையுங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும். வரவு செலவைத் தமிழில் வாசியுங்கள். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுத வழி வைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் சோற்றுக் கணக்கு மட்டும் எங்களுக்குப் புரியாத எழுத்தில் ஏன் இருக்க வேண்டும்?

எல்லைக்கு அந்தப் பக்கம் என் அக்கா ஊர்ப் பள்ளியில் சுயஉதவிக் குழுப் பெண்கள் காலை உணவு சமைக்கிறார்கள். தன் பிள்ளை தின்னப் போகும் உப்புமாவைத் தானே கிண்டுகிறாள் என் அக்கா. இங்கே நாங்கள் சமையலறை வாசலில் நின்றாலே, என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் இதே கதைதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகள்படி, சமைத்த உணவு கொடுக்க முடியாமல் போன நாளுக்கு அரிசியும் சமையல் செலவுப் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். குறை இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டால் அது எப்படிச் சேரும்? தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திருத்தி, அந்த இரண்டு நாளுக்கு உரியதை 170 பிள்ளைகளுக்கும் கொடுங்கள். அப்புறம் குழுவைக் கூட்டுங்கள். எந்த நாள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும், வேலையை விட்டுவிட்டாவது வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்