நூறு ரூபாய் வெட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சட்டப்பேரவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்ட செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். 2025 மார்ச் 14 நிதிநிலை அறிக்கை, மறுநாள் வேளாண் பட்ஜெட், 24ஆம் தேதியிலிருந்து மானியக் கோரிக்கைகள், ஏப்ரல் கடைசியில் காவல் துறைக்கு முதலமைச்சரின் பதிலுரை. அக்னி நட்சத்திரம் பிறப்பதற்குள் 2025-26க்கான வேலை முடிந்துவிட்டது. உறுப்பினர்கள் ஊர் திரும்பி, கல்யாண வீடுகளிலும் காதுகுத்துகளிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எங்கள் தெரு டீக்கடையில் நேற்று ஒருவர் கேட்டார்: "நம்ம எம்.எல்.ஏ. ஒன்றரை மாசம் மெட்ராஸ்ல என்னதான் பண்ணாரு?" இன்னொருவர் பட்டென்று சொன்னார்: "ஏ.சி.யில உக்காந்து மேஜையத் தட்டுனாரு."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் பதில் தெரியும். இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் இருந்ததும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மார்ச் மாதம் வந்தால் எங்களுக்கு இரண்டு காய்ச்சல். 31ஆம் தேதிக்குள் வந்த நிதியைச் செலவு எழுதிக் கணக்கை முடிப்பது ஒன்று. மற்றது கோட்டையிலிருந்து வரும். "எல்.ஏ.கியூ. வந்திருக்கு" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவார். பேரவை வினா என்பதன் சுருக்கம் அது. மாலை நான்கு மணிக்கு ஃபேக்ஸ் வரும். மறுநாள் காலை பத்து மணிக்குள் பதில் மாவட்டத்தில் இருக்க வேண்டும். சாலை, பாலப் பணிகளைப் பார்க்கும் ஓவர்சியர் எந்த ஊரில் இருந்தாலும் பிடித்து வர வேண்டும். அப்போதெல்லாம் செல்போன் கிடையாது. ஜீப் டிரைவர்தான் எங்களுக்கு செல்போன்.

மானியக் கோரிக்கை நடக்கும் காலத்தில் அதனுடன் வெட்டுத் தீர்மானமும் சேர்ந்துகொள்ளும். வாசகர்கள் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பது தெரிந்திருக்காது. அரசு ஒவ்வொரு துறைக்கும் இவ்வளவு பணம் வேண்டும் என்று பேரவையிடம் கேட்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 203ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தக் கேட்பைத்தான் மானியக் கோரிக்கை என்கிறோம். காவல் துறை 22, ஊரக வளர்ச்சி 42, பள்ளிக் கல்வி 43 என்று ஐம்பதுக்கும் மேல் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓர் உறுப்பினருக்குக் குறை இருந்தால், "இந்தக் கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, அதன் கீழே தன் குறையைச் சொல்லலாம். ஊரக வளர்ச்சித் துறைக்கு 2025-26இல் ஒதுக்கீடு 29,465 கோடி ரூபாய். அதில் நூறு ரூபாய் என்பது எங்கள் அலுவலகத்தின் ஒரு நாள் டீச் செலவு. பணத்தைக் குறைப்பது நோக்கமல்ல; அந்த நூறு ரூபாயைச் சாக்காக வைத்து ஒரு குறையைப் பேரவையின் ஏட்டில் ஏற்றுவதுதான் நோக்கம். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னை மாகாண சட்டசபையிலும் இதே நூறு ரூபாய்தான். விலைவாசி எவ்வளவோ ஏறியும் இந்த ஒன்று மட்டும் ஏறவில்லை.

அந்தக் குறை எங்கள் ஒன்றியத்தைப் பற்றியதாக இருந்தால், பதில் குறிப்பு எழுதும் வேலை என் மேஜைக்கு வரும்.

இருபது வருடத்துக்கும் முந்தைய கதை. ஒன்றியத்தின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் எழுதவில்லை. என் மனைவி பிறந்த ஊருக்குப் போகும் ஒன்றியச் சாலையில் ஒரு வரத்து வாய்க்கால் குறுக்கே ஓடும். கோடையில் அதில் ஆடு மேயும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு கடப்பார்கள். பிரசவ வலி வந்தால் கட்டிலோடு தூக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாலம் வேண்டும் என்று, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து, அன்றைய எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வெட்டுத் தீர்மானம் கொடுத்தார். ஊர்ப் பெயர், வாய்க்கால் பெயர், எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் சரியாக இருக்கும். யாரோ உட்கார்ந்து விவரம் சேகரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது படித்ததும் தெரியும்.

நான்கு ஆண்டும் பதிலை எழுதியவன் நான். "நிதிநிலைக்கேற்ப இப்பணி பரிசீலிக்கப்படும்." முதல் ஆண்டு பேனாவால் எழுதினேன். இரண்டாம் ஆண்டு பழைய நகலைப் பார்த்து டைப் அடிக்கச் சொன்னேன். அப்புறம் தேதியை மட்டும் மாற்றினோம்.

அரசுப் பதில்களுக்குத் தனி அகராதி உண்டு. "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு இன்னும் திறக்கப்படவில்லை. "நிதிநிலைக்கேற்ப" என்றால் இல்லை என்று பொருள், ஆனால் இல்லை என்று எழுதக் கூடாது. "கருத்துரு கோரப்பட்டுள்ளது" என்றால் ஓவர்சியரிடம் சொல்லியிருக்கிறோம், அவர் இன்னும் போகவில்லை. "முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது" என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காரலாம். அந்த வார்த்தை வர வேண்டுமானால் ஓவர்சியர் டேப் பிடித்து எஸ்டிமேட் போட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் மாமனார் வீட்டுக்குப் போனால் திண்ணையில் ஒரே பேச்சு. "ஓட்டு வாங்கிட்டுப் போனவன் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல" என்று என் மைத்துனர் திட்டுவார். அந்த ஆள் நான்கு முறை இதைக் கோட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று வாய் வரை வரும். சொன்னால் பதில் எழுதியவன் யார் என்ற கேள்வி வரும். நடத்தை விதிகள் வேறு இருக்கின்றன. காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். மனைவிக்கும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றுப்போனார். பாலம் பிறகு நபார்டு வங்கியின் கடனுதவியில் வந்தது. எஸ்டிமேட் போடும்போது ஓவர்சியர் எங்கள் கோப்பில் இருந்த வெட்டுத் தீர்மானங்களைப் புரட்டித்தான் விவரம் எடுத்தார். நானே எடுத்துக் கொடுத்தேன். கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது.

அவரைத் தியாகி ஆக்க நான் எழுதவில்லை. தன் வேலையை அவரே ஊருக்குச் சொல்லவில்லை, அது அவர் தவறு. என் கேள்வி வேறு. பேரவையில் நடப்பதில் நமக்குத் தெரிவது எவ்வளவு? கேள்வி நேரம் 2022 முதல் நேரலையில் வருகிறது, நல்லது. அதற்குப் பிறகு நடப்பதில் வெளிநடப்பும் வெளியேற்றமும்தான் செய்தியாகின்றன. 2025-26 பட்ஜெட் இலச்சினையில் ₹ குறிக்குப் பதில் 'ரூ' போட்டதைப் பற்றி ஒரு வாரம் பேசினோம். பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கியதைப் பற்றி ஒரு நாளாவது பேசினோமா? பேரவைத் தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார். அரை நிமிடத்தில் ஒரு துறையின் ஓராண்டுப் பணம் நிறைவேறிவிடும்.

அவசரமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் கொரோனாவால் கூட்டத் தொடரையே பாதியில் முடித்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. 2024இல் மக்களவைத் தேர்தலால் விவாதம் ஜூனுக்குத் தள்ளிப்போய், 20ஆம் தேதி முதல் 29 வரை காலை, மாலை என்று இரு வேளை உட்கார்ந்து முடித்தார்கள். கல்யாணப் பந்தியில்கூட இலையை இவ்வளவு வேகமாக எடுப்பதில்லை. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக் குழுக்கள் இருக்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் 1980 முதலே பொருட்குழுக்கள் உண்டு. கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருமுன் குழு உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாகப் பார்க்கிறது. நம்மிடம் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் இருக்கின்றன. ஆனால் பொதுக் கணக்குக் குழு பார்ப்பது செலவான பணத்தை. பணம் போகுமுன் ஒரு துறையின் கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரியை எதிரில் உட்காரவைத்துக் கேட்க நம் உறுப்பினருக்கு இடமில்லை. கிடைக்கும் பத்து நிமிடத்தில் தலைவருக்கு வாழ்த்து, ஒரு குட்டிக் கதை, கடைசியில் மூச்சுப் பிடித்துத் தொகுதிக் கோரிக்கைகள். நான்காவது கோரிக்கையைப் படிக்கும்போது மணி அடித்துவிடும்.

இவையெல்லாம் மாறும்போது மாறட்டும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பைசா செலவில்லை. ஊர் திரும்பியிருக்கும் உறுப்பினர்களை, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, இந்தத் தொடரில் தாங்கள் கொடுத்த வினாக்கள், வெட்டுத் தீர்மானங்கள், அவற்றுக்கு வந்த பதில்கள் மூன்றையும் நகல் எடுத்து, அந்தந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கிளை நூலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் தமிழிலேயே இருக்கிறது. தன் ஊரைப் பற்றி உறுப்பினர் கேட்டதும் அரசு சொன்னதும் அப்படி யார் கண்ணிலும் படுவதில்லை. எதுவுமே கேட்காத உறுப்பினரின் சுவர் காலியாக இருக்கும், அதையும் ஊர் பார்க்கட்டும். உங்கள் மாவட்ட நிருபர்கள் தொகுதிக்கு ஒரு பத்தி ஒதுக்கினால், மே மாதம் முழுவதும் போடலாம். பதில்களுக்குப் பொருள் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். அந்த மொழியில் 33 ஆண்டு அனுபவம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். மைத்துனர் இன்றும் உங்கள் வாசகர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
ஊரக வளர்ச்சித் துறை,
காரைக்குடி