தகரப் பெட்டியில் இருக்கும் காகிதங்களை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்ப் பூச்சு எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு வீட்டைப் பிரிக்கும்போது இரண்டாம் கட்டு அறைகளில் கிடக்கும் தகரப் பெட்டிகளும் அதில் உள்ள காகிதங்களும் என்ன ஆகின்றன என்று ஒரு வரிகூட இல்லை. தூணுக்கும் நிலைக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலை கிடைக்கிறது. காகிதம் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. எங்கள் குடும்பத்தில் அப்படிப் போனதால் என்ன இழந்தோம் என்று சொல்கிறேன்.

என் ஐயா, அதாவது என் அப்பச்சியை (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெற்றவர், ரங்கூனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாக இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டபோது அங்கேதான் இருந்தார். எப்படியோ கப்பலில் இடம் கிடைத்து ஊர் வந்து சேர்ந்துவிட்டார், இடம் கிடைக்காமல் அரக்கான் மலை வழியாக நடந்தே வந்தவர்களும் வழியிலேயே செத்துப்போனவர்களும் ஏராளம். வந்தவருக்கு இங்கே வேலை இல்லை. கல்யாணத்தைப் பண்ணி வைத்தார்கள். அப்புறம் சில மாதம் கழித்து வேலை தேடி மதராசுக்குப் போனவர், விமானப் படையில் ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டேன் என்று வந்து நின்றாராம். கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டுக்கு வியாபாரத்துக்கு, போவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம், பட்டாளத்துக்குப் போவது அன்றைக்கு எங்கள் தெருவில் கேள்விப்படாத விஷயம். அப்பத்தா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்று சொல்வார்கள்.

அவர் எழுதிய கடிதங்களில் 61 எங்களிடம் இருக்கின்றன. அப்பத்தா அவற்றை மணியார்டர் ரசீதுகளோடு சேர்த்து ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். எல்லாவற்றிலும் தணிக்கை முத்திரை இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. 1944 மே மாதக் கடிதம் ஒன்றில் நடுப்பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஓட்டைக்கு மேலே "இங்கே மழை பிடித்துக்கொண்டது" என்று இருக்கிறது, கீழே "பிள்ளைக்குக் குன்றக்குடியில் முடி இறக்கியாச்சா, மாமனைக் கூப்பிடாமல் செய்துவிடாதே" என்று இருக்கிறது. நடுவில் என்ன எழுதினார் என்று அப்பத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது, ஐயாவுக்கும் திரும்பி வந்தபோது மறந்துபோயிருந்தது.

எழுதியது என்ன என்பது போனது போனதுதான். ஆனால் எழுதிய இடத்தை ஐயாவின் பே புக்கை, அதாவது பட்டாளச் சம்பளப் புத்தகத்தை, வைத்துக் கண்டுபிடித்தோம். அதில் இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன் (படைப் பிரிவு) என்று பதிவாகியிருக்கிறது. 1944 பிப்ரவரியில் அர்ஜன் சிங் தலைமையில் மணிப்பூரில் உள்ள இம்பாலுக்குப் போய், அங்கிருந்து ஹரிக்கேன் விமானங்களை ஓட்டிய படை அது. மார்ச் கடைசியில் ஜப்பானியர் இம்பாலுக்கு வரும் கோஹிமா சாலையை அறுத்துவிட்டார்கள், ஜூன் 22 அன்றுதான் மறுபடி வழி திறந்தது. அதுவரை அரிசியிலிருந்து பெட்ரோல் வரை எல்லாம் ஆகாய வழியாகத்தான் வந்து இறங்கியது. கம்பியில் இருந்த ரசீதுகளை எடுத்துப் பார்த்தால் அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஐயாவிடமிருந்து பணம் வரவில்லை. அந்த முற்றுகைக்குள் ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த மனுஷர்தான் ஊரில் நெல் என்ன விலை, பிள்ளைக்கு முடி இறக்கியாச்சா என்று கேட்டு எழுதியிருக்கிறார். கடிதம், பே புக், ரசீது மூன்றும் சேர்ந்து இருந்ததால்தான் இது எங்களுக்குத் தெரிய வந்தது.

அந்த பே புக்குக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அப்பச்சியின் காலை, அப்போது ஒரு வயது, தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அப்பத்தா அனுப்பியது. குதிகால் பக்கம் கோடு கோணலாகப் போயிருக்கிறது, பிள்ளை காலை இழுத்திருக்கும். மடிப்பெல்லாம் எஞ்சின் எண்ணெய்க் கறை.

அப்பத்தா அனுப்பியதில் எங்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். அவர் போட்ட பதில்களை எல்லாம் ஐயா பத்திரமாகக் கட்டி, 1946இல் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தார். அது வேறு பெட்டியில் இருந்தது, பாகப் பிரிவினையில் சித்தப்பா பக்கம் போனது. அவர்கள் வீட்டை விற்றபோது பித்தளைச் சாமானை எடுத்துக்கொண்டு காகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது இன்னது என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. யுத்த காலத்தில் செட்டிநாட்டிலேயே விமானத் தளம் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் அப்பத்தா வளவில் (உள் முற்றத்தில்) வந்து நின்று அண்ணாந்து பார்ப்பாராம். அதை அவர் ஐயாவுக்கு எழுதினாரா, என்ன எழுதினார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நாங்களும் தவறு செய்திருக்கிறோம். கம்பித் துரு ஏறி ஒவ்வொரு கடிதத்திலும் நடுவில் பழுப்பு ஓட்டை விழுந்த பிறகுதான் கழற்றினோம். என் தம்பி ஆசையாக இரண்டு கடிதங்களை லேமினேட் செய்துவிட்டான், அதை இனிப் பிரித்தால் காகிதமும் சேர்ந்து வந்துவிடும். செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடுகிறது. துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், ராமபாணப் பூச்சி வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். அதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

காகிதம் சேர்ப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் யாரும் மதிக்காத நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பைக் கொண்டுதான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே தொடங்கினார்கள். வள்ளல் அழகப்பர் லண்டனில் படித்தபோதே விமானம் ஓட்டக் கற்றவர், யுத்தத்துக்குப் பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தியவர். அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகம் காரைக்குடியிலேயே இருக்கும்போது, வீட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்தால் ஸ்கேன் செய்து, பட்டியலிட்டு, அசலைத் திருப்பிக் கொடுக்க அங்கே ஒரு அறையும் இரண்டு ஆட்களும் கிடைக்கக் கூடாதா? இங்கிலாந்தின் போர் அருங்காட்சியகம் சாதாரணச் சிப்பாயின் கடிதத்தையும் டைரியையும்கூடக் கேட்டு வாங்கி வைக்கிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று எழுதச் சொல்லி உங்கள் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்கள் பெட்டியை எங்கே கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவருகிறேன். ஒன்றுதான், அசலை அன்று மாலையே திருப்பிக் கொண்டுபோக விட வேண்டும். அப்பச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் சரியில்லை, ராத்திரிப் பலகாரம் ஆனதும் ஒரு கடிதம் படித்துக் காட்டச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர்